96,000 ரூபாய் நிலுவை: தண்டையார்பேட்டை ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் ஒருவருக்குப் பணம் வந்த விதம்

இந்த ஆய்வு ஒரே ஒரு நிலுவைத் தொகையைப் பற்றியது. வடசென்னையின் தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தபடி தமிழில் கன்டென்ட் எழுதிப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு, நகரின் நடுவே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு விளம்பர ஏஜென்சி 96,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் கொடுத்த முதல் பில்லில் ஆரம்பித்த இழுபறி 2024 மார்ச் கடைசி வாரத்தில்தான் முடிந்தது. ஃப்ரீலான்ஸ் எழுத்தில் பணம் நிற்பது புதிதல்ல. நின்ற பணத்தின் அசல் முழுசாக வந்து சேர்வதுதான் அபூர்வம். அது எப்படி வந்தது என்பதைத் தேதிவாரியாக எழுதி வைத்தால் இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு உதவும் என்று கேட்டேன், சம்மதித்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஏஜென்சியின் பெயரையும் நான் எழுதவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தை வரவழைத்தவை நான்கு தேதிகள்: வேலையை ஒப்படைத்த மூன்று தேதிகள், அதற்கு முன்பே அவர் தன்னை ஒரு குறுந்தொழிலாகப் பதிவு செய்திருந்த தேதி. எழுதுவதைத் தொழிலாக ஊர் மதிக்கவில்லை என்று நாங்கள் பலரும் வருந்துகிறோம். சட்டம் அதை எப்போதோ தொழிலாக மதித்துவிட்டது. அதற்குரிய தாளைத்தான் நம்மில் பலர் கையில் வைத்திருப்பதில்லை.

ஆளும் இடமும்

முப்பது வயதைத் தாண்டியவர். பாரிமுனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட கைடு, கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். 2020 ஊரடங்கில் அச்சகம் மூடியது, திறக்கவே இல்லை. அச்சகத்துக்கு வந்துபோன ஒருவர் ஒரு மொழிபெயர்ப்பு வேலையைக் கொடுத்தார். அப்புறம் இன்னொன்று. இப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தார்.

வீட்டில் வேலை செய்வது என்றால் என்ன என்பதை டி.எச். ரோடு ஒட்டிய ஒரு சந்தில் போய்ப் பார்த்தால் புரியும். பகலில் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். பக்கத்து வீட்டு சிலிண்டர் வந்தாலும் கையெழுத்து இவர்தான், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சாவி கொடுப்பதும் இவர்தான். "நீ வீட்லதானம்மா கீற" என்பது அந்தத் தெருவில் அன்போடு சொல்லப்படும் வார்த்தை. ஆனால் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்தை அது தின்றுவிடும். அதனால் எழுத்து வேலை இரவு பத்து மணிக்கு மேல், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் சத்தத்தோடு நடக்கும்.

அவருடைய தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். பின்னி மில் என்று ஊர் சொல்லும் அந்தப் பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, பி.பி. வாடியா தலைவராக இருந்தார். அதில் முன்நின்றவர்களில் ஒருவரான திரு.வி.க. பத்திரிகையாளர். எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர் மில் தொழிலாளிக்காக நின்ற ஊர் இது. எழுதுபவருக்கென்று நிற்க அப்படி ஒரு சங்கம் இன்று கண்ணுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. உழைக்கும் பத்திரிகையாளருக்கென்று 1955-இல் வந்த சட்டமும் ஒரு பத்திரிகையில் பணிக்கு அமர்ந்தவரைத்தான் பார்த்தது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பில் போடுகிறவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

அவருக்கு வருமானம் மூன்று வழிகளில் வருகிறது. ஏஜென்சிகளுக்கு எழுதும் கன்டென்ட்தான் பெரிய பங்கு. ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துவது சின்னதாக இருந்தாலும் நேரத்துக்கு வரும். மூன்றாவது, மீன் சமையலைப் பற்றி அவர் நடத்தும் வலைப்பூ. காசிமேட்டில் மீன் விற்கும் அத்தையிடம் கேட்டு எழுதுவார். எது காரப்பொடி மீன், எதைக் குழம்பு வைக்கலாம், எதைக் கருவாடு போட்டால்தான் ருசி என்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கருவாட்டுப் பக்கங்களுக்கு ஆள் கூடும். தடை முடிந்து படகுகள் திரும்பியதும் வஞ்சிரத்துக்குக் கூடும். விளம்பர வருமானம் இதை நம்பி வாழும் அளவுக்கு இல்லை. கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதற்கு முன், 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண் உள்ள வீட்டில் அந்த ஒரு கடிதம் வந்து சேர்வதற்கே தபால்காரரைத் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வலைப்பூவைப் பற்றி இவ்வளவு போதும். வாடகை கட்டுவது ஏஜென்சிப் பணம்தான், பிரச்சினையும் அங்கேதான்.

வேலை

2023 ஆகஸ்டில் ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் இணையதளத்துக்குத் தமிழ்க் கட்டுரைகள் வேண்டும். மொத்தம் 80, ஒவ்வொன்றும் 1,200 சொல், சொல்லுக்கு 1 ரூபாய். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மகப்பேறு, குழந்தைகள் தடுப்பூசி என்று தலைப்புகள். அட்வான்ஸ் கிடையாது. இதையெல்லாம் ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டுவாங்கினார் நம்மவர். அந்த மின்னஞ்சலில் "பில் கொடுத்த 60 நாளில் பணம்" என்றும் இருந்தது. பலரும் போனில் பேசிவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஒரு மின்னஞ்சல் இல்லாவிட்டால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

முதல் 30 கட்டுரைகளை செப்டம்பர் 30 அன்று அனுப்பினார், 36,000 ரூபாய் பில். அடுத்த 30 அக்டோபர் 31, இன்னொரு 36,000. கடைசி 20 கட்டுரைகளுக்குக் கெடு டிசம்பர் 8.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வடசென்னையில் அப்போது இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு என்று தாழ்வான தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இவர் தெருவிலும் கரண்ட் இல்லை. லேப்டாப்பைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, போனில் மிச்சமிருந்த சார்ஜில் ஒருங்கிணைப்பாளருக்கு வாட்ஸ்அப் செய்தார். "பரவாயில்லைங்க, பத்திரமா இருங்க, 15-க்குள்ள அனுப்பினா போதும்" என்று பதில் வந்தது. டிசம்பர் 14 அன்று தோழி வீட்டில் உட்கார்ந்து கடைசி 20-ஐயும் அனுப்பி, 24,000 ரூபாய்க்குப் பில்லும் போட்டார்.

இழுத்தடிப்பு

நவம்பரில் கேட்டபோது, "கிளையன்ட்கிட்டேருந்து இன்னும் வரலைங்க." டிசம்பரில், வெள்ளத்தால் அக்கவுண்ட்ஸ் வேலை நிற்கிறது. ஜனவரியில், "பொங்கல் கழிச்சுப் போட்டுடறோம்." இந்த வரிசையை இந்தத் தொழிலில் உள்ள எவரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அத்தைதான் வெடித்தார்: "காலைல ஏலம் எடுத்த மீனுக்கு மதியத்துக்குள்ள கணக்கு முடிச்சுடறோம். உனக்கு இன்னாடி மூணு மாசம்?"

பிப்ரவரியில் பேச்சு மாறியது. கடைசி பேட்ச் தாமதமாக வந்தது, தரமும் சரியில்லை, ஆகவே 60,000 வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். கூடவே, "இப்போ இதெல்லாம் ஏ.ஐ.யில போட்டாலே வந்துடுதுங்க" என்று ஒரு வார்த்தை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்ததிலிருந்து ரேட் பேசும்போதெல்லாம் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. இதைக் கேட்டு மனம் உடைந்து 60,000-க்குச் சம்மதிக்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. அப்போதுதான் என்னிடம் பில்களைக் காட்டினார்.

நாள் கணக்கு

பில்களோடு லேப்டாப் கடன் பத்திரமும் அதே ஃபைலில் இருந்தது. 2022-இல் லேப்டாப் வாங்க வங்கியில் கடன் கேட்டபோது உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்து வாங்கியிருக்கிறார். (ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணமே கிடையாது. அங்கே அவரிடம் பணம் வாங்கிவிட்டார்கள்.) கடனுக்கென்று எடுத்த அந்தத் தாள்தான் இந்த வழக்கின் உயிர்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்.எஸ்.எம்.இ.) நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. பட்டறையும் லேத்தும் வைத்திருப்பவர்களுக்கான சட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அம்பத்தூர், மணலிப் பக்கம் உதிரிபாகம் செய்து கொடுப்பவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எழுதுபவர்களுக்கு இது தெரியாது. சேவை தருபவரும் இதில் அடக்கம். தனி ஆளாக எழுதிக் கொடுப்பவரும் பதிவு செய்திருந்தால் ஒரு குறுந்தொழில்தான்.

இந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, வாங்கியவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. ஆனால் அப்படி எழுதிக்கொள்ளும் கெடு எதுவானாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. ஆக, மின்னஞ்சலில் இருந்த "60 நாள்" செல்லாது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் கெடு 15 நாள்தான். இந்தக் கணக்கில் முதல் பில்லுக்கு நவம்பர் 14, இரண்டாவதுக்கு டிசம்பர் 15, மூன்றாவதுக்கு ஜனவரி 28.

அடுத்தது, "தரம் சரியில்லை" என்ற பேச்சு. வேலை கைக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலமாக ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த அந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் வைத்துக்கொள்கிறது. மூன்று பேட்சுக்கும் எழுத்தில் ஓர் ஆட்சேபமும் வரவில்லை. டிசம்பர் 14 அன்று வாங்கிக்கொண்ட கட்டுரைகளுக்குப் பிப்ரவரியில் போனில் குறை சொன்னார்கள். அதற்குள் சில கட்டுரைகள் மருத்துவமனைத் தளத்தில் ஏறிவிட்டன. தாமதம் என்ற குற்றச்சாட்டுக்கு வாட்ஸ்அப்பில் அவர்களே கொடுத்த புதிய கெடு பதிலாக இருந்தது. நல்லவேளை, அதை அழிக்காமல் வைத்திருந்தார்.

வட்டியும் உண்டு. 16-ஆவது பிரிவின்படி, கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அப்போது பேங்க் ரேட் 6.75 சதவீதம். மூன்று மடங்கு 20.25. மொத்த 96,000-மும் கெடு தாண்டிய நிலையில் ஒரு மாதத்துக்கு 1,620 ரூபாய் ஏறும். 

கேட்டும் தராவிட்டால், இந்த நிலுவைகளை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சில் என்ற மன்றத்துக்குப் போகலாம். அப்போது, 2017-இல் தொடங்கிய சமாதான் என்ற அரசு இணையதளத்தின் வழியாகப் புகார் கொடுக்க முடிந்தது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் நீளும். வாடகை பாக்கி உள்ளவருக்கு அந்தக் காத்திருப்பு பெரிது. வேகமாக வேலை செய்யக்கூடிய இன்னொன்று இருந்தது, அது வருமான வரிச் சட்டத்தில் இருந்தது.

அன்றைய வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் (எச்) என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்திருந்தார்கள். 2023-24 நிதியாண்டுதான் அது அமலான முதல் ஆண்டு. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை மேலே சொன்ன கெடுவுக்குள் தராவிட்டால், உண்மையில் எந்த ஆண்டில் பணம் கொடுக்கிறார்களோ அந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். அதாவது மார்ச் 31-க்குள் இந்த 96,000-ஐத் தராவிட்டால், ஏஜென்சியின் அந்த ஆண்டு லாபத்தில் அந்தத் தொகை கூடி வரி விழும். எங்கள் பிப்ரவரியை அர்த்தமுள்ளதாக ஆக்கியது இதுதான். காலண்டர் முதன்முறையாக எழுதுபவர் பக்கம் நின்றது.

கடிதம்

ஒரே பக்கம். திட்டு இல்லை, கண்ணீர் இல்லை. மூன்று பில் எண், ஒப்படைத்த தேதி, கெடு முடிந்த தேதி, தொகை, இதற்கு ஓர் அட்டவணை. டிசம்பர் 15 வரை நேரம் தந்த வாட்ஸ்அப் செய்தியின் படம். உத்யம் சான்றிதழின் நகல். 15, 16-ஆவது பிரிவுகளின் பெயர். 43பி(எச்) பற்றி ஒரு வரி: "இந்த நிலுவை 31.03.2024-க்குள் தீர்க்கப்படாவிட்டால் ஏற்படும் வரி விளைவைத் தங்கள் தணிக்கையாளரிடம் கேட்டறியலாம்."

பதிப்புரிமை பற்றியும் ஒரு பத்தி சேர்த்தோம். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைக்கு அமர்த்தப்படாத ஒருவர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. அந்த மின்னஞ்சலில் உரிமை மாற்றம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் யாருக்கும் எதிலும் கையெழுத்துப் போட்டுத் தந்ததும் இல்லை.

2024 பிப்ரவரி 26 அன்று மின்னஞ்சலிலும், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் போனது. ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் அனுப்பாமல் அக்கவுண்ட்ஸ் துறைக்கும் அனுப்பச் சொன்னேன். ஒருங்கிணைப்பாளரும் சம்பளத்துக்கு இருக்கும் ஒரு பெண்தான், அவரிடம் சண்டை போட்டு ஆகப்போவது எதுவுமில்லை.

ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "மேடம், நீங்க எம்.எஸ்.எம்.இ.ன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" சான்றிதழில் உள்ள பதிவுத் தேதியை இரண்டு தடவை கேட்டார். ஆடிட்டர் கேட்கச் சொன்னது தெரிந்தது. அதற்கப்புறம் தரம் பற்றியோ 60,000 பற்றியோ ஒருவரும் பேசவில்லை. மார்ச் 28, புனித வெள்ளிக்கு முந்தைய நாள், 86,400 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. 10 சதவீதம், அதாவது 9,600 ரூபாய், வரிக்கென்று முன்கூட்டியே (டி.டி.எஸ்.) பிடித்திருந்தார்கள்.

எங்கே தோற்றிருக்கலாம்

பதிவுத் தேதியை அவர்கள் இரண்டு முறை கேட்டதற்குக் காரணம் உண்டு. பதிவு செய்வதற்கு முன் செய்து கொடுத்த வேலைக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. பணம் நின்ற பிறகு ஓடிப்போய் உத்யம் எடுப்பது பெரும்பாலும் பயன்படாது. வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன் எடுத்திருக்க வேண்டும், பில்லிலேயே அந்த எண்ணைப் போட வேண்டும். இவர் பில்களில் அந்த எண் இல்லை. இருந்திருந்தால் நவம்பரிலேயே பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஏஜென்சி நஷ்டத்தில் ஓடியிருந்தால் வரி பயம் வேலை செய்திருக்காது. வெளிநாட்டு கிளையன்டாக இருந்தாலும் இந்த வழி இல்லை. கடிதம் ஏப்ரலில் போயிருந்தால் இன்னும் ஓராண்டு அவர்கள் அவசரப்பட்டிருக்க மாட்டார்கள்.

வட்டியை அவர் கேட்கவில்லை. மார்ச் 28 வரைக்கும் கணக்குப் போட்டால் 5,700 ரூபாய் பக்கம் வரும். கேட்டிருக்க வேண்டும் என்று நான் வாதாடினேன். "அசல் வந்துச்சே, போதும்" என்றார். வாடகை பாக்கியை முதலில் கட்டிவிட்டு வந்து சொன்ன பதில் அது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏஜென்சி பிறகு அவரைக் கூப்பிடவும் இல்லை. மாத வருமானத்தில் பெரிய பங்கு ஒரே நாளில் போனது. இதை இந்தக் கணக்கின் செலவுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

பிறகு

இப்போது அவர் அட்வான்ஸ் இல்லாமல் பெரிய வேலை எடுப்பதில்லை. வேலை தொடங்குமுன் அனுப்பும் ஒரு பக்கத் தாளில் ரேட், எத்தனை முறை திருத்தம், 30 நாளில் பணம், உத்யம் எண், "முழுத் தொகை வந்த பிறகே உரிமை மாறும்" என்ற வரி எல்லாம் உண்டு. இந்தத் தாளைப் பார்த்துப் பின்வாங்கிய கிளையன்ட்கள் உண்டு. அவர்கள் பின்வாங்கியதே நல்லது என்பேன்.

மெஷின் எழுதிய தமிழைச் செப்பனிடும் வேலைகளும் வருகின்றன, சொல்லுக்கு 40 பைசா என்று. மருத்துவக் கட்டுரையில் ஒரு மருந்தின் அளவோ தடுப்பூசி போடும் வயதோ தப்பாக இருந்தால் யாருக்கு ஆபத்து என்று தெரிந்தவர் அவர். ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தால் புதிதாக எழுதும் நேரமே ஆகிவிடுகிறது. அதனால் அந்த வேலைக்குச் சொல் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். சிலர் தருகிறார்கள்.

டி.டி.எஸ். மட்டும் பாக்கி இருந்தது. பிடித்த பணத்தை அவர்கள் வரித்துறையில் கட்டினார்களா என்பது அப்போது 26ஏஎஸ் என்ற வரித்துறைப் படிவத்தில் தெரிந்தது. ஜனவரி-மார்ச் காலாண்டுக் கணக்கை ஏஜென்சி மே 31 வரை தாக்கல் செய்யலாம் என்பதால் ஜூனில்தான் 9,600 அதில் ஏறியது. அவர் தன் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யப் போனபோது, வரவில் பாதியை லாபமாகக் காட்டும் 44ஏடிஏ முறையில் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த முறைக்கான தொழில் பட்டியலில் சினிமாவுக்குக் கதை, வசனம், பாட்டு எழுதுபவர்கள் வந்தார்கள், கட்டுரை எழுதுபவர் வரவில்லை. ஆகவே மின்கட்டணம், இன்டர்நெட், லேப்டாப் தேய்மானம் என்று செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி ஜூலையில் தாக்கல் செய்தார். அந்த ஆண்டு வருமானம் வரி விழும் அளவுக்கு இல்லாததால் 9,600 ரூபாயும் திரும்பி வந்தது.